தாவிப்போன அம்பு

"இந்த அம்பை யாரு போட்டது?" என்று தணிக்கைக்கு வந்திருந்த அம்மாள் கேட்டதும், கட்டக்காரர் யோசிக்கவே இல்லை.

"என் பக்கத்து சீட்டுல, இன்னிக்கு லீவுல இருக்காங்களே, அவங்கதான்."

ரகசியச் செய்தி அனுப்பும் செயலி எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று கட்டமும் அம்புமாக வரைவது கட்டக்காரர் வேலை. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். ஒருவர் போன் மாற்றினால், 'புதுப் போன்' கட்டத்திலிருந்து 'ஆளைச் சரிபார்' கட்டத்துக்குப் போய், அப்புறம்தான் 'நம்பலாம்' கட்டத்துக்கு வர வேண்டும். இந்த அம்பு நடுக்கட்டத்தை விட்டுவிட்டு நேரே தாவியிருந்தது. வரைந்தவர் கட்டக்காரரேதான், போன மாதம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்.

"யார் வேணாலும் புதுப் போன்ல இன்னொருத்தரா வந்து நிக்கலாமே," என்றார் அம்மாள்.

"படத்துல அப்படித் தெரியும். நிஜத்துல நடக்காது."

"நடக்குதா இல்லையான்னு மதியத்துக்குள்ள பார்த்துடலாம்," என்றார் அம்மாள்.

கூட இருந்த மேலாளர் ஃபைலை மூடினார். "நாளைக்கு அவங்க வந்ததும் வேலையிலருந்து நிறுத்திடலாம்."

கட்டக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து வருடமாகப் பக்கத்து நாற்காலியில் இருந்து வாய் நிறைய 'அண்ணா' என்று கூப்பிடுகிறவள். இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாடிப்படியில் நின்று, அதே செயலியில் அவளுக்கு எழுதினார்: "நான் போட்ட அம்புக்கு உன் பேரைச் சொல்லிட்டேன். உன்னை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. மன்னிச்சிடும்மா."

பதில் உடனே வந்தது. "மன்னிச்சிட்டேன் சார். மேலாளர்கிட்ட உண்மையைச் சொல்வீங்களா?"

அந்த 'சார்' சுட்டது. கோபம் இருக்காதா பின்னே என்று நினைத்துக்கொண்டார்.

"அது மட்டும் கேக்காதம்மா. இந்த வயசுல என்னை யாரு வேலைக்குச் சேர்ப்பா? உனக்கு வேற இடத்துல நானே சொல்லி வைக்கிறேன்."

அனுப்பியதும் மனம் லேசானது. லேசானதை நினைக்க இன்னும் கேவலமாக இருந்தது.

கூட்ட அறைக்குத் திரும்பினார். மேலாளர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாள் ஒரு புதுப் போனை மேசைமேல் தள்ளினார். அதில் அவள் பெயரில் திறந்திருந்த செயலியில், கட்டக்காரர் எழுதியது எல்லாம் வரி வரியாக இருந்தது.

"மன்னிச்சது அவங்க இல்ல சார், நான்."