இருபது கிலோ இரும்பு

"சகலருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், இந்த நிமிடத்திலிருந்து இந்தத் தோட்டத்தில் றாத்தல் காலமாகிவிட்டது!"

கனகசுந்தரம் மைக்கை இறக்கினார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி, கேதம் எந்த லயத்து வீட்டில் என்று பக்கத்தில் விசாரித்தாள்.

அவர் பதுளையிலிருந்து வந்த அளவை அதிகாரி. மடுல்சீமைப் பாதையில் இரண்டு மணி நேரம் ஜீப்பில் குலுங்கியும் கழுத்துப்பட்டி கோணாத மனிதர். 'மெட்ரிக் வாரம்' என்ற பதாகைக்குக் கீழே சிவப்புத் துணி விரித்த மேசை. மேசைமேல், மாலை போட்ட ஓர் இருபது கிலோ இரும்புப் படிக்கல். அதைச் சுமந்து வந்து வைத்த ஜீப் சாரதி ஷுக்ரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"இனிமேல் றாத்தல், மைல், அடி ஒண்டும் வாயிலை வரப்படாது. எல்லாம் கிலோ, மீற்றர். விளங்குதோ?"

"அப்ப பேக்கரிக் கடையில பாண் எப்புடிங்க கேக்குறது?" என்றாள் ரெங்கம்மா. "ஒரு றாத்தல் பாண்னுதானே கேப்போம்?"

"நானூற்றைம்பது கிராம் பாண் எண்டு கேளுங்கோ."

"அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாண் முடிஞ்சிருமே ஐயா!"

"எட்டாங்கட்ட முனியாண்டிக்கு இனி என்னாங்க பேரு?" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

கனகசுந்தரம் கைபேசியில் பெருக்கிப் பார்த்தார். "எட்டு மைல் எண்டால்... பன்னிரண்டு தசம் எட்டு ஏழு கிலோமீற்றர் முனியாண்டி."

"சாமிகிட்ட மொதல்ல சொல்லிருங்க. நாங்க கூப்புட்டா திரும்பிப் பாக்கணும்ல."

மடுவமே சிரித்தது. கனகசுந்தரம் சிரிக்கவில்லை. அளவை விஷயத்தில் அவர் சிரிப்பதே இல்லை. படிக்கல்லின் தலையில் கையை வைத்தார்.

"இது சும்மா இரும்பில்லை. முத்திரை குத்தினது. இதிலை ஒரு குண்டுமணி கூடவும் மாட்டுது, குறையவும் மாட்டுது. உலகம் அழிஞ்சாலும் இது இருபது கிலோதான்!"

"குண்டுமணிக்கு எத்தன கிராமுங்க?" என்று ரெங்கம்மா கேட்டது அவர் காதில் விழவில்லை, அல்லது விழுத்திக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கருப்பம்மா முன்னால் வந்தாள். பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். அவள் கூடையில் பத்தொன்பது இருக்கும். மடுவத்துத் தராசில் அது பதினேழாகிவிடும். மூன்று மாதமாக அவளுக்கு விழுந்த முழுப் பேரை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சங்கத்திலும் சொன்னாள், துரையிடமும் சொன்னாள். 'தராசு பொய் சொல்லாது' என்ற ஒரே பதில்தான் எல்லா இடத்திலும் கிடைத்தது.

"ஐயா, அந்தக் கல்ல நம்ம தராசுல ஒருக்கா தொங்கவிட்டுப் பாத்துருவமா?"

கணக்கப்பிள்ளை அழகர் பாய்ந்து வந்தார். "அது எதுக்கு இப்ப? சேர், தேத்தண்ணி ஆறுதுங்க."

"ஆறட்டும். ஏன் பயப்பிடுறியள்?" கனகசுந்தரம் நெஞ்சை நிமிர்த்தினார். "ஷுக்ரி, தூக்குங்கோ!"

ஷுக்ரி ஒரு பெருமூச்சு விட்டு, மாலையோடு சேர்த்துப் படிக்கல்லைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். வட்டத் தராசின் முள் துடித்தது, ஆடியது, நின்றது.

பதினெட்டு.

பெண்கள் போட்ட கூச்சலில் தேயிலைச் செடிக்குள் இருந்த குருவிகள் எழும்பிப் பறந்தன.

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முள் அசையவில்லை. "மற்ற ரெண்டு கிலோ எங்கை காணும்?"

"அது கொழுந்துல இருக்குற தண்ணிக்கும் சாக்குக்கும் கழிச்சதுங்க சேர்," என்றார் அழகர் பணிவாக. "காலையிலயே முள்ள ரெண்டு கிலோ பின்னுக்குத் தள்ளி வச்சிருவோம். எது தொங்குனாலும் கழிஞ்சிரும்."

"இரும்பிலை என்ன தண்ணி?"

"காலையில தூறிச்சிங்களே."

"சாக்கு?"

அழகர் யோசித்தார். "மால போட்டிருக்குங்களே சேர்."

"சேர், இது இருபதுதான்," என்றார் ஷுக்ரி. "என்ட இடுப்பு சாட்சி."

கருப்பம்மா கைகூப்பினாள். "எழுதுங்க ஐயா. இந்தத் தராசு பொய்யின்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே எனக்கு முழுப் பேர் விழும்."

கனகசுந்தரம் பையைத் திறந்து படிவத்தை எடுத்தார். ஸ்டூலைப் போடச் சொல்லி ஏறினார். பூதக்கண்ணாடியைப் பிடித்துத் தராசின் முகத்தை மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் படித்தார். பெண்கள் ஸ்டூலைச் சுற்றி நெருங்கினார்கள். அழகரின் முகம் கறுத்தது. கனகசுந்தரம் இறங்கி, படிவத்தில் வேகமாக எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பையிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை உரித்துத் தராசின் நெற்றியில் ஒட்டினார்.

'தேறியது.'

"என்னாங்கய்யா இது?" கருப்பம்மா ஸ்டிக்கரைக் காட்டிக் கேட்டாள்.

"அம்மா, றாத்தல் தராசு எங்கையும் ஒளிஞ்சு கிடக்கோ எண்டு பாக்கத்தான் நான் வந்தனான். இதிலை கிலோ எண்டு வடிவாய் எழுதிக் கிடக்கு. நிறை சரியோ பிழையோ எண்டு பாக்கிறது வேறை கந்தோர், வேறை அதிகாரி."

"அப்ப அந்த ரெண்டு கிலோ?"

"அதை எழுதாமல் விடுவனோ?" என்று படிவத்தை அவளிடம் நீட்டினார்.

தராசு: சரி. படிக்கல்: இரண்டு கிலோ குறைவு, திருத்துவதற்காகப் பதுளைக்கு எடுத்துச் செல்லப்படுகிறது.