நாற்பத்திரண்டாவது ஆள்

பெருமாநல்லூர் சாலையிலுள்ள ஒரு பனியன் கம்பெனியில் மதியம் தீப்பிடித்தது. சூப்பர்வைசர் நாகஜோதி எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, வருகைப் பதிவேட்டை வைத்து இரண்டு தடவை எண்ணினாள்.

"நாப்பத்தொரு பேரும் வந்தாச்சு சார்."

தீயணைப்பு வண்டியோடு வந்திருந்த முருகேஷ் உடைந்த ஜன்னலருகே ட்ரோனை நிறுத்தியிருந்தான். புகைக்குள்ளும் உடற்சூட்டைக் காட்டும் கேமரா அதிலிருந்தது. அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"அப்ப மிசின்ல உக்காந்திருக்கறது யாருங்க?"

ஓவர்லாக் தையல் மிசின் வரிசையில் சிவப்பாக ஓர் உருவம் குனிந்து தைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வீரர்கள் முகமூடியோடு உள்ளே ஓடினார்கள். திரையில், அந்த உருவத்தின் இருபுறமும் போய் நின்றார்கள். வயர்லெஸ்ஸில் குரல் வந்தது.

"இங்க யாருமில்லீங்க. சேர் காலியா இருக்குது."

"நல்லாப் பாருங்க," என்றான் முருகேஷ்.

கையால் துழாவிவிட்டு அவர்கள் திரும்பினார்கள். உருவமும் எழுந்து அவர்கள் பின்னாலேயே நடந்தது.

வாசலில் இரண்டு பேர்தான் வெளியே வந்தார்கள்.

முருகேஷ் ட்ரோனை வெளியே நின்றவர்களின் மேல் கொண்டுவந்தான். கூட்டத்தை விட்டு ஒதுங்கி அவனும் நாகஜோதியும் மட்டுமே நின்றிருந்தார்கள். திரையில் அந்த இடத்தில் மூன்று உருவங்கள் தெரிந்தன.

நாகஜோதியின் இடது தோளில் மெல்லச் சூடு ஏறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் மூன்றாவது உருவம், அவள் கையிலிருந்த வருகைப் பதிவேட்டின் மேல் குனிந்து தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.