காந்தக்கை ஏன் வில்லனானான்?

"வீட்ல உங்க ரெண்டு பேருக்கும் என்ன பிரச்னை?"

உட்காரக்கூட விடவில்லை வகுப்பாசிரியை. ஐந்தாம் வகுப்பு நோட்டு ஒன்றை மேஜைமேல் போட்டார்.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, அம்மாவைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து பாதி வேலையில் ஓடிவந்திருந்த அம்மா, அப்பாவைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையே டீச்சர்..."

"இப்ப ஓடுற சூப்பர் ஹீரோ படத்துல காந்தக்கையும் பனிப்புயலும் ஜென்ம எதிரிங்க இல்லையா? அவங்க ஏன் அப்படி ஆனாங்கன்னு புதுசா ஒரு கதை எழுதச் சொன்னேன். மத்த பசங்க எல்லாம் வேற்றுக்கிரகம், வெடிகுண்டு, விஷ ஊசின்னு எழுதியிருக்காங்க. உங்க பொண்ணு எழுதினதைப் படிங்க."

இருவரும் உட்கார்ந்ததும் அம்மா நோட்டைப் பிரித்தாள்.

"'காந்தக்கையும் பனிப்புயலும் முதலில் புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேரும் சேர்ந்துதான் உலகத்தைக் காப்பாற்றப் போவார்கள்...'"

"அட! இது படத்தை விட நல்லாருக்கே!" அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "படி, படி!"

"'ஒருநாள் ஏதோ சண்டை. என்ன சண்டை என்று யாருக்கும் தெரியாது. பனிப்புயல் பேச்சை நிறுத்திவிட்டாள். கோபம் வந்தால் அவள் உள்ளங்கையில் ஐஸ் கட்டி முளைக்கும். அதை யார்மேலும் எறியமாட்டாள். விரல் மரத்துப்போகிறவரை கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.'"

அம்மாவின் குரலும் வேகமெடுத்தது.

"'காந்தக்கை கூப்பிட்டால் கப்பல் வரும், ரயில் வரும். பனிப்புயல் மட்டும் வரமாட்டாள். அந்த ஆத்திரத்தில் பாலத்தை எல்லாம் இழுத்து உடைத்தான். உலகம் அவனை வில்லன் என்றது.'"

"ஐயோ, பாவம்டா அவன்! அப்புறம்?"

"சார்!" டீச்சர் மேஜையைத் தட்டினார். "ரசிக்கிற விஷயமா இது? பத்து வயசுப் பொண்ணு. பேசாம இருந்தா எப்படி வலிக்கும்னு இவ்வளவு சரியா எப்படித் தெரியும் அவளுக்கு? கண்ணால பாக்காம வருமா? பெரியவங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சா பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா?"

அப்பாவின் உற்சாகம் புஸ்ஸென்று இறங்கியது.

"போன வாரம் கொசுவலை கட்டுறதுல சின்னதா ஒரு வாக்குவாதம்..."

"அரை மணி நேரத்துல சரியாப்போச்சு டீச்சர், சத்தியமா!" என்றாள் அம்மா.

"அதை அவளே சொல்லட்டும்."

ஆள் அனுப்பியதும் பெண் துள்ளிக்கொண்டு வந்தாள். "கதை நல்லாருக்கா மிஸ்? ரெண்டாம் பாகம்கூட யோசிச்சு வச்சிருக்கேன்!"

டீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "ரொம்ப நல்லாருக்குடா கண்ணு. பயப்படாம சொல்லு. யாரைப் பாத்து இதை எழுதின?"

பெண் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னா திட்டுவீங்க."

"ஒருத்தரும் திட்ட மாட்டாங்க. நான் இருக்கேன்ல?"

"உங்களையும் பி.டி. சாரையும் பாத்துதான் மிஸ்."

வெளியே மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. ஊதுவது டீச்சரின் கணவர்தான்.

"முன்னெல்லாம் ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டே ஒரே வண்டியில போவீங்க. இப்ப சார்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா எங்களைத்தான் அனுப்புறீங்க."

டீச்சர் நோட்டை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். முகம் காதுமடல் வரை சிவந்துபோயிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அம்மா தன் கைப்பையைக் குடைய ஆரம்பித்தாள்.

தாங்கமுடியாமல் அப்பாதான் கேட்டார். "ரெண்டாம் பாகத்துல என்னம்மா ஆகும்?"

அவ்வளவுதான், பெண்ணுக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது.

"அதான்ப்பா சூப்பரா இருக்கும்! பனிப்புயலுக்கு ஒரு ரகசியம் தெரியவரும். அவ திரும்பியே பாக்கமாட்டாளா, அதனால அது அவளுக்கு மட்டும் தெரியாது. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும் மிஸ். தினமும் சாயங்காலம் நீங்க பஸ் ஏறிப் போற வரைக்கும் சார் கேட் பக்கத்துலயே நின்னு பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பாரு!"