திடுக்கிட ஓர் ஒத்திகை

கண்ணாடி முன் நின்று திடுக்கிட்டுப் பழகிக்கொண்டிருந்தார் ஆர்வில் பென்ஹாலோ. புருவத்தை உயர்த்தி, கையை நெஞ்சில் வைத்து, "நானா? என்னையா?" என்றார். மூன்றாவது தடவை ஓரளவு நன்றாக வந்தது.

1908 ஆகஸ்ட். அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சட்டசபைக்கான கட்சி வேட்பாளரை அன்று ஊர் மண்டபத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்கு ஆசைப்படுகிறவர் அங்கே தலைகாட்டக் கூடாது. வீட்டில் இருந்துகொண்டு, செய்தி வந்ததும் ஆச்சரியப்பட வேண்டும்.

ஆறு வருஷம் உறுப்பினராக இருந்தவர் அவர். சபையில் இரண்டு முறை வாய் திறந்திருக்கிறார். இரண்டுமே ஜன்னலை மூடச் சொல்லி. இந்தத் தடவை இடம் போனால் திரும்பவும் பீட்ரூட் வயலில்தான் குனிய வேண்டும்.

வாசலில் குதிரை வண்டி நின்றது. உள்ளூர்ப் பத்திரிகை நிருபன் ஹஸ்கெல் இறங்கி வந்தான்.

"தேர்ந்தெடுத்தாச்சு சார். வேட்பாளர் வாழ்க்கைக் குறிப்பு வேணும். சாயங்காலப் பதிப்புல போடணும்."

"நானா? என்னையா?" அருமையாகத் திடுக்கிட்டார் பென்ஹாலோ. ஹஸ்கெல் வாயெடுப்பதற்குள் தொடங்கியும் விட்டார். "மரக்குடிசையில பொறந்தேன். எழுதிக்கோ தம்பி."

பென்சில் அசையவில்லை. "உங்க வீட்டம்மா எங்க பொறந்தாங்க?"

"லெட்டியா? அயோவா பக்கம். அத விடு. நான் வெறுங்காலோட ஆறு மைல் நடந்து..."

பென்சில் 'அயோவா' என்று எழுதி நின்றது. "அந்த வாய்க்கால் தண்ணிச் சட்டத்த எழுதினது யாரு சார்?"

"எழுதறதெல்லாம் ஒரு வேலையா? அவதான் உக்காந்து எழுதினா. கையெழுத்துப் போட்டது நான். என் பேச்சுகூட அவ எழுதறதுதான். பொம்பளைக்கும் பொழுது போகணும்ல."

இப்போது பென்சில் ஓடியது.

"இப்ப அவங்க..."

"மண்டபத்துலதான். நம்ம மாநிலத்துலதான் பொம்பளைங்களுக்கும் ஓட்டு இருக்கே. எனக்கு ஆள் பிடிக்க அனுப்பியிருக்கேன். வாய்க்கால் கதையப் பேச ஆரம்பிச்சான்னா, விவசாயிங்க அத்தன பேரும் அவளச் சுத்தித்தான் நிப்பாங்க."

"நின்னாங்க சார்." ஹஸ்கெல் நோட்டை மூடினான்.

பென்ஹாலோவுக்குச் சுருக்கென்றது. "என்னப்பா மூடிட்டே? எங்க அப்பா போருக்குப் போனதையே இன்னும் சொல்லல. என் வாழ்க்கைக்கு ஒரு முழுப் பக்கமாவது வேணாமா?"

"அவ்வளவு இடம் இல்ல சார்," என்றான் ஹஸ்கெல். "வேட்பாளரோட புருஷனுக்கு ரெண்டு வரிதான்."