கூட்ஸ் வண்டி நின்ற காலை

"மேடம், பாத்ரூம்."

கேள்வித்தாள் கட்டைப் பிரிக்கப்போன மிஸஸ் புரூயிட் நிமிர்ந்து முறைத்தார். "இப்பத்தானே வெஸ்லி போயிட்டு வந்தான்? அவனோட சேர்ந்தே போயிருக்கலாமே!"

"அப்ப வரல மேடம். இப்பத்தான் வருது" என்றாள் ஹார்ப்பர்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"போய்த் தொலை. சீக்கிரம் வா."

அறைக்கு வந்துவிட்ட பிள்ளைகளில் ஒருவர் வெளியே போயிருந்தாலும் கட்டைப் பிரிக்கக் கூடாது என்பது பரீட்சை விதி. அது ஏழாம் வகுப்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பின்வரிசையிலிருந்து மிஸ்டர் டேட் தொண்டையைச் செருமினார். பரீட்சை அறையில் ஆசிரியருக்குத் துணையாக ஒரு பெற்றோர் உட்கார வேண்டும். இவருடைய மகள் இன்னும் ஐந்தாம் வகுப்புதான். அவளை இந்த மேக்னட் பள்ளியில் சேர்க்கலாமா என்று நோட்டம் பார்க்கவே மனிதர் வலிய வந்து உட்கார்ந்திருந்தார்.

அலபாமாவில் அந்த ஊரை ரயில் தண்டவாளம் இரண்டாக வெட்டுகிறது. இந்தப் பக்கம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், அந்தப் பக்கம் கறுப்பர்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் குலுக்கலில் எடுத்து ஒன்றாக உட்கார வைப்பதற்கென்றே அரசாங்கம் நடத்தும் பள்ளி இது. ஆனால் மார்க்கை வெளியிடும்போது மட்டும் மறுபடி நிறவாரியாகப் பிரித்துவிடுவார்கள். மிஸ்டர் டேட் அதை மனப்பாடமே செய்திருந்தார்.

"பாதி சீட்டு காலியா கெடக்கே மேடம்?"

காலி மேசைகளிலும் ஆளுக்கொரு பென்சிலும் பெப்பர்மிண்ட் மிட்டாயும் வைத்திருந்தார் மிஸஸ் புரூயிட். "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க சார். கூட்ஸ் வண்டி ரோட்டை மறிச்சு நிக்குதாம். ஸ்கூல் பஸ் மாட்டிக்கிச்சு."

"மத்த நாள்னா சரி. பரீட்சை அன்னிக்குமா?"

"கூட்ஸ் வண்டிகிட்டப் போய் நீங்களே சொல்லிப் பாருங்களேன்."

"கோவிச்சுக்காதீங்க. ஸ்கூல் மார்க் எங்க இடிக்குதுன்னு இப்பத்தான் புரியுது. அவ்வளவுதான்."

மிஸஸ் புரூயிட் ஜன்னல் வழியே ரோட்டை எட்டிப் பார்த்தார். ஊரிலேயே பெரிய அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பது இந்தப் பரீட்சை மார்க்கை வைத்துத்தான். கட்டைப் பிரித்துவிட்டால் அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கதவு திறக்காது. மறு பரீட்சையும் கிடையாது. அந்த பஸ்ஸில் கெசியா இருக்கிறாள். அந்தப் பள்ளியைத் தவிர வேறு பேச்சே இல்லாத பிள்ளை.

சுவர் ஒலிபெருக்கியில் தலைமையாசிரியரின் குரல் கேட்டது. "எல்லா வகுப்பும் பரீட்சையை ஆரம்பிக்கலாம்."

ஹார்ப்பர் திரும்பி வந்து உட்கார்ந்தாள். உடனே முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"மேடம், மூக்கில ரத்தம்."

"எங்க? ஒண்ணையும் காணோமே?"

"வரப்போற மாதிரி இருக்கு மேடம்."

மிஸஸ் புரூயிட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்! அங்க உங்க சிநேகிதங்க இந்த நாற்காலியில வந்து உக்கார முடியலையேன்னு தவிச்சுக்கிட்டிருக்கு. உங்களுக்கு இங்க கூத்தா இருக்கா? இனி ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது!"

ஹார்ப்பர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூத்து இல்ல மேடம். நீங்க போனை வாங்கி வைக்கறதுக்கு முன்னாடியே கெசியா மெசேஜ் பண்ணிட்டா. பஸ் வர்ற வரைக்கும் ஒவ்வொருத்தரா வெளிய போறதுன்னு பேசி வெச்சிருந்தோம். இன்னும் நாலு பேர் பாக்கி இருக்கோம்."

மிஸ்டர் டேட் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏம்மா, அவங்க வரலேன்னா உங்களுக்குத்தானே லாபம்? சீட்டுக்குப் போட்டி கொறையுமே?"

வெஸ்லி அவரை விநோதமாகப் பார்த்தான். "நான் கெசியாவைக் கணக்குல ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல சார். அவ இல்லாம எப்படி ஜெயிக்கிறது?"

வருஷா வருஷம் இந்தப் பிள்ளைகளின் மார்க்கைக் கூட்டிக் கழித்து, நிறம் பிரித்து மேலே அனுப்புகிறவர் மிஸஸ் புரூயிட்தான். இப்படி ஒன்றும் இதே அறைக்குள் நடக்கிறது என்பது எந்த வருஷமும் அவர் கண்ணில் பட்டதில்லை. பன்னிரண்டு வயசுதான் ஆகிறது இதுகளுக்கு! மலைத்துப்போய் நின்றார்.

ஆனால் மலைத்து என்ன செய்ய? விஷயம் காதில் விழுந்துவிட்டது. தெரிந்தே இன்னொரு பிள்ளையை வெளியே விட்டால் அவருடைய வேலை போய்விடும்.

"ரூம் ஏழு, இன்னுமா ஆரம்பிக்கல?" ஒலிபெருக்கி அதட்டியது.

தூரத்தில் கூட்ஸ் வண்டி நீளமாக ஊதியது. நகர ஆரம்பித்துவிட்டது. இனி பஸ் தண்டவாளம் தாண்டி வந்து சேரக் கொஞ்ச நேரம் வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலையே பார்த்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க கண்ணுங்களா" என்று முனகியபடி மிஸஸ் புரூயிட் கட்டின் முத்திரையில் விரலை வைத்தார்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. மிஸ்டர் டேட் எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் மேடம். துணைக்கு வந்தவர் ரூம்ல இல்லேன்னா கட்டைப் பிரிக்கலாமா?"

"கூடாது சார். அதுவும் விதிதான். ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு பாத்ரூம் வருது" என்றார் அவர், கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாக நிதானமாய்ப் போட்டுக்கொண்டே. "நான் கொஞ்சம் மெதுவாத்தான் நடப்பேன்."