மூளிக்குப் பக்கத்தில்

ஜுமானா முக்காலியை ஊன்றிக் கேமராவை மாட்டி முடிப்பதற்குள் மூளி ஓடி வந்துவிட்டது.

உடைமரத்திலிருந்து இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து, தண்ணீர்த் தொட்டியடியில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

ஜுமானாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. பெருநாளுக்குக் கீழக்கரைக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு இன்றுதான் வருகிறாள். ஒரு குரங்கு தன்னைத் தேடியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் பிடிக்கக் கூடாது. குரங்குகளை ஆராய வந்தவளுக்கு அது விதி. பார்க்கலாம், பதியலாம். தொடக் கூடாது, தின்னக் கொடுக்கக் கூடாது. அங்கே ஆளே இல்லாத மாதிரி இருக்க வேண்டும். அதில் ஜுமானா கெட்டிக்காரி என்று அவளுடைய பேராசிரியரே சொல்லியிருக்கிறார்.

மூளி என்பது அவள் வைத்த பெயர். ஒரு காது பிய்ந்த பெண்குரங்கு. ராமர் பாதத்து மேட்டில் திரிகிற கூட்டத்தில் அதற்குக் கடைசி இடம். எதுவும் அதற்குப் பேன் பார்க்காது. அந்த மேட்டில் குரங்குகளுக்கு நல்ல தண்ணீர் என்றால் இந்தத் தொட்டியின் ஒழுகுகிற குழாய்தான். மற்றவை எல்லாம் குடித்து முடித்த பிறகே மூளி கிட்டே வர முடியும்.

அதெல்லாம் மாசி மாதம் வரைக்கும். வயிற்றில் குட்டி தொங்க ஒருநாள் மூளி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து குடித்தது. மறுநாளும் குடித்தது. கூட்டத்துக்கே தலைவியான கொண்டைக்காரி சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, கிட்டே வரவில்லை.

குட்டி பிறந்ததும் மூளிக்கு மதிப்பு ஏறிவிட்டது என்று ஜுமானா கட்டுரையே எழுதிவிட்டாள். அடுத்த வாரம் பெங்களூரு கருத்தரங்கில் அதை வாசிக்க ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. பெருநாள் சாப்பாட்டில் அண்ணன் ஃபஹத், "கொரங்குக்குக் காவல் இருக்கவா ஒன்னயப் படிக்க வச்சோம்?" என்று சீண்டியபோதும், அவள் விடவில்லை. மூளியின் கதையை எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

மூளி குழாயில் வாய் வைத்தது. ஜுமானா குரல் பதியும் கருவியைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். வயிற்றில் குட்டி இல்லை.

படிக்கட்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் வீரலட்சுமி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "நீ போன மறுநாளே, தாயி. தண்ணிக்கு வந்தத எல்லாஞ் சேந்து வெரட்டி, அந்தப் பெரிய கொரங்கு பிள்ளையப் பிடுங்கிட்டுப் போயிருச்சு. உசுரோட கெடைக்கல."

நீ போன மறுநாளே.

ஜுமானா நிமிர்ந்தாள். சுவரில் கொண்டைக்காரி உட்கார்ந்திருந்தது. அதன் பார்வை மூளி மேல் இல்லை. முக்காலி மேல் இருந்தது. கடைக்காரர்கள் கம்பெடுத்து விரட்டி விரட்டி, நீளமாக எதைக் கண்டாலும் மிரளுகிற கூட்டம் இது.

அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள்.

திரும்பிப் பார்ப்பதற்குள் கொண்டைக்காரி குழாய்க்கு வந்துவிட்டது. மூளி தாகம் தீரக் குடித்திருக்காது. ஓடிவந்து முக்காலிக்குக் கீழே பதுங்கியது.

மாசியில் வெயில் ஏறியபோது, நிழலுக்காகத்தான் இந்த முக்காலியைத் தொட்டியடிக்கு மாற்றினாள். இத்தனை நாள் அது அவள் நினைவுக்கே வரவில்லை. தாகம் மூளியை மட்டும் அதன் பக்கத்தில் வரப் பழக்கியிருக்கிறது.

வெட்கத்தில் முகம் காந்தியது. மதிப்பும் ஏறவில்லை, ஒன்றும் ஏறவில்லை. குட்டியோடு ஒண்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது என்று அது நம்பியிருக்கிறது. நம்ப வைத்துவிட்டு அவள் பிரியாணி சாப்பிடப் போய்விட்டாள்.

மூளி முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கையைத் தூக்கியது. பேன் பார்க்கச் சொல்லி ஒரு குரங்கு இன்னொரு குரங்கிடம் கேட்பது அப்படித்தான்.

அவள் தொடவில்லை. தொடக் கூடாது.

ஒவ்வொரு பதிவிலும் முதலில் குரங்கின் பெயர், அடுத்து இடம், அதற்கடுத்து மிக அருகில் இருப்பது யார் என்று சொல்ல வேண்டும். மூளி தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அந்தக் கடைசிக் கேள்விக்கு ஜுமானா ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள். யாருமில்லை.

கருவியை வாயருகே கொண்டுபோனாள்.

"மூளி. உடைமரத்தடி. பக்கத்தில்..."

குனிந்து மூளியைப் பார்த்தாள்.

"நான்," என்றாள்.