கடைசி முப்பது அடி

"லெப்ட்ல ஒடின்னா ரைட்ல ஒடிக்கிறே. நாப்பது வருஷமா இதே கதைதான்" என்று கேரவனுக்குப் பின்னால் நின்று கத்தினார் ஆர்வில்.

"கண்ணாடியில தெரியிற மாதிரி நின்னு கையைக் காட்டுங்க. கொசு விரட்டுற மாதிரி ஆட்டினா எனக்கென்ன புரியும்?" என்றாள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த லவோன்.

அமெரிக்காவின் வட டகோட்டாவில் பனி கொட்டத் தொடங்கினால், வீடு போன்ற இந்தக் கேரவனிலேயே குளிர்காலத்தைக் கழிக்க இருவரும் தெற்கே வெயிலடிக்கும் யூமா பாலைவனத்துக்கு வந்துவிடுவார்கள். வந்த முதல் நாளே இந்தச் சண்டையும் வந்துவிடும்.

இருபது நிமிடம் கழித்து, கேரவன்கள் வரிசையாக நிற்கும் முகாமில் வண்டி ஒருவழியாக அதன் இடத்தில் நின்றது. வேர்த்து விறுவிறுத்து இறங்கிய லவோனிடம், பக்கத்து வண்டி மார்லிஸ் ஐஸ் டீயை நீட்டினாள்.

"எப்படிக்கா இந்த மனுஷனோட காலம் தள்றீங்க? நானா இருந்தா என்னைக்கோ விவாகரத்து பண்ணியிருப்பேன்."

"நானும் பண்ணிட்டேனே. ஆறு வருஷமாச்சு. வீடு அவருக்கு, வண்டி எனக்குன்னு தீர்ப்பு."

மார்லிஸ் விழித்தாள். "அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் இவரைக் கூட்டிட்டு வர்றீங்க?"

லவோன் வேலியோரம் வளைந்து கிடந்த குழாய்க் கம்பத்தைக் காட்டினாள்.

"விவாகரத்தான முதல் வருஷம் தனியா வந்தப்ப, ரிவர்ஸ்ல நான் இடிச்சது அது. ஆயிரத்தெழுநூறு மைல் நானே ஓட்டிடுவேன் மார்லிஸ். கடைசி முப்பது அடி ரிவர்ஸ் எடுக்கத்தான் அந்த ஆள் வேண்டியிருக்கு."